தமிழ் மீடியம் பள்ளிக்குத் தகுதியான ஆசிரியரைக் கொண்டுவருவது எப்படி? பாலக்காடு, இடுக்கிப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், முதலமடை. இடுக்கியில் மறையூர், மூணாறு, வண்டிப்பெரியாறு, குமுளி. இந்த ஊர்களில் தமிழ் மீடியத்தில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர் நாலு பேர் கூடினால் பேச்சு சீக்கிரமே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும். "அந்த டீச்சர் சரியாச் சொல்லித் தர்றதில்ல" என்று ஒருவர் ஆரம்பிப்பார். கொஞ்சம் விசாரித்தால் அடியில் வேறு விஷயம் கிடக்கும். அந்த இடத்துக்கு நிரந்தர ஆசிரியரே வந்திருக்க மாட்டார், தினக்கூலிக்கு வந்தவர் வேறு வேலை கிடைத்துப் போயிருப்பார். இல்லையென்றால், இருப்பவர் மலையாள மீடியத்திலேயே படித்து, மலையாளத்தில் பாடம் நடத்தப் பயிற்சி பெற்றவராக இருப்பார். கணக்கில் கெட்டிக்காரர்தான், ஆனால் பின்னத்தைத் தமிழில் விளக்கத் தெரியாமல் தவிப்பார்.

அதனால் இந்த வழிகாட்டி ஆசிரியர்மேல் புகார் எழுதுவதில் தொடங்கவில்லை. பணியிடம் இருக்கிறதா, அதில் ஆள் இருக்கிறாரா, அவருக்கு உரிய தகுதி இருக்கிறதா, நம் மொழியில் நடத்துகிறாரா, பிள்ளை கற்கிறதா என்ற வரிசையில் கேட்க வேண்டும். முதல் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் வகுப்பில் நிற்கும் டீச்சர் இல்லை, அவருக்கு மேலே இருக்கும் அலுவலகங்கள். பள்ளியின் பொறுப்பு என்று நாம் பேசுவது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

படி 1: எந்தச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை, அதாவது 8-ஆம் வகுப்பு வரை இது பொருந்தும். கேரளத்தில் 1 முதல் 4 வரை எல்.பி., 5 முதல் 7 வரை யு.பி., 8-ஆம் வகுப்பு ஹைஸ்கூலோடு சேர்ந்தது. அதனால் பலர் எட்டாம் வகுப்புக்கு இந்தச் சட்டம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு, எட்டாம் வகுப்புக்கும் உண்டு.

நமக்கு வேண்டிய பிரிவுகள் சில. பிரிவு 21 பள்ளி மேலாண்மைக் குழு பற்றியது. பிரிவு 23 ஆசிரியர் தகுதி. பிரிவு 24 ஆசிரியரின் கடமைகள்: நேரத்துக்கு வருவது, பாடத்திட்டத்தைக் குறித்த காலத்தில் முடிப்பது, ஒவ்வொரு பிள்ளையின் கற்றலையும் மதிப்பிட்டுத் தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித் தருவது, பெற்றோரைக் கூட்டிப் பிள்ளையின் வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவிப்பது. பிரிவு 26, அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் எய்டட் பள்ளியிலும் காலியிடம் மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. பிரிவு 27, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பிரிவு 32 புகார் பற்றியது.

இதோடு நம் எல்லைப் பகுதிக்கென்றே இரண்டு விஷயங்கள் உண்டு. அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதுமான வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, எல்லையின் தவறான பக்கத்தில் நின்றுவிட்ட நம்மைப் போன்றவர்களுக்காகவே அந்த ஆண்டு சேர்த்த பிரிவு இது. இரண்டாவது, கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969. இது பலருக்குத் தெரியாது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கேரளத்தில் வாழும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம். சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும். "மலையாளத்தில் எழுதிக் கொண்டு வாங்க" என்று யாராவது திருப்பி அனுப்பினால் இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள்.

படி 2: பள்ளியின் கணக்கைக் கையில் எடுங்கள்

இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பள்ளிக்கும் அரசின் பள்ளித் தகவல் பதிவேடான யுடைஸில் 11 இலக்க எண் இருக்கிறது. கேரளப் பள்ளி என்றால் 32 என்று தொடங்கும், தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33. ஹெச்.எம்.மிடம் கேட்டால் சொல்லிவிடுவார். யுடைஸ் பிளஸ் இணையதளத்தில் உங்கள் பள்ளியைத் தேடினால் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை விவரங்கள் கிடைக்கும். அதை நேரில் பார்ப்பதோடு ஒப்பிடுங்கள்.

பிறகு சட்டத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். 1 முதல் 5 வரையான வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு, 121 முதல் 200 வரை ஐந்து. 150-க்கு மேல் போனால் தனியாக ஒரு தலைமை ஆசிரியரும் வேண்டும். 6 முதல் 8 வரை வகுப்புக்கு ஒருவராவது இருக்க வேண்டும். அறிவியலும் கணக்கும், சமூக அறிவியல், மொழிகள் என மூன்று பிரிவுக்கும் தனித்தனி ஆள் வேண்டும், 35 பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம்.

இரண்டு மீடியமும் ஒன்றாக நடக்கும் பள்ளியில் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். மொத்தமாகப் பார்த்தால் ஆசிரியர் போதுமான அளவு இருப்பார்கள். தமிழ் டிவிஷனை, அதாவது தமிழ் வகுப்புப் பிரிவை, மட்டும் தனியாகப் பிரித்தால் ஒரு பாடத்துக்கு ஆளே இருக்காது. எனவே எப்போதும் மீடியம் வாரியாகக் கேளுங்கள்: தமிழ் மீடியத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, தினக்கூலியில் ஓடுவது எத்தனை.

படி 3: ஜூன் மாதத்தைத் தவற விடாதீர்கள்

கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்த ஆண்டுக்கான பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. அன்று கணக்கில் இல்லாத பிள்ளை அந்த ஆண்டு முழுவதும் பணியிடக் கணக்கில் இல்லாத பிள்ளைதான். ஒரு டிவிஷன் குறைந்தால் ஒரு பணியிடம் போகும். போன பணியிடத்தைத் திரும்ப வாங்குவது, இருக்கும் பணியிடத்தைக் காப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

நம் பக்கத்தில் இது பெரிய பிரச்சினை. தோட்ட வேலைக்கும் மில் வேலைக்கும் பொள்ளாச்சிப் பக்கம் போய் வரும் குடும்பங்கள் ஜூன் கடைசியில்தான் ஊர் திரும்பும். "வந்து சேர்த்துக்கலாம்" என்று இருந்துவிடுவார்கள். மே மாதத்திலேயே வார்டு வார்டாகப் பட்டியல் எடுத்து, அட்மிஷனையும் ஆதார் விவரத்தையும் முடித்து, ஆறாம் நாள் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும்படி செய்யுங்கள். டி.சி. வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டி அட்மிஷனைத் தள்ளிப்போட முடியாது, பிரிவு 5 அதைத் தடுக்கிறது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

படி 4: தகுதியைப் பற்றிக் கேளுங்கள், மரியாதையோடு

ஆசிரியர் தகுதிக்கு, தேசிய ஆசிரியர் கல்விக் குழுவான என்.சி.டி.இ. 2010 ஆகஸ்ட் 23-ல் வெளியிட்ட அறிவிப்புதான் அடிப்படை. பயிற்சிப் பட்டயம் அல்லது பி.எட். போன்ற தகுதியோடு, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேர்ச்சி வேண்டும். கேரளத்தில் அது கே-டெட். எல்.பி.க்கு முதல் பிரிவு, யு.பி.க்கு இரண்டாம் பிரிவு, ஹைஸ்கூலுக்கு மூன்றாம் பிரிவு. 150 மதிப்பெண்ணுக்கு நடக்கும் தேர்வில் பொதுப் பிரிவினர் 60 சதவீதம் எடுக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. பணியில் இருப்பவர்களில் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் இந்தத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறுவோர் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் தேர்ச்சி வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர்களுக்கு இது எவ்வளவு மன உளைச்சல் என்று எனக்குப் புரிகிறது. தேர்வில் தேறியவர் எல்லாரும் நல்லாசிரியர் ஆகிவிடுவதில்லை என்பதும் உண்மை. ஆகவே இந்தத் தீர்ப்பைக் கையில் பிரம்பு மாதிரி எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகாதீர்கள். நமக்கு வேண்டியது வேறு கேள்வி: தமிழ் மீடியப் பணியிடத்தில் இருப்பவர் தமிழ் மீடியத்துக்கான தகுதியோடு நியமிக்கப்பட்டவரா?

அரசுப் பணிக்கு ஆள் தேர்வு செய்யும் கேரள பி.எஸ்.சி. தமிழ் மீடியம் ஆசிரியர் பணிக்குத் தனியாக அறிவிப்பு வெளியிடுகிறது. ரேங்க் லிஸ்ட் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்று ஆண்டு உயிரோடு இருக்கும். ஒரு காலியிடம் பி.எஸ்.சி.க்குத் தெரிவிக்கப்படாமல் அலுவலக மேசையில் கிடந்தால், லிஸ்டே காலாவதியானாலும் ஆள் வர மாட்டார். இட ஒதுக்கீட்டுச் சுழற்சியில் தகுதியான ஆள் கிடைக்காவிட்டால் அந்த இடத்துக்குத் தனியாக மறு அறிவிப்பு வரும், அதற்கும் காலம் பிடிக்கும். எனவே "எப்ப ஆள் வருவாங்க?" என்று கேட்டுப் பயனில்லை. "இந்தக் காலியிடம் எந்தத் தேதியில் பி.எஸ்.சி.க்குத் தெரிவிக்கப்பட்டது?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குத் தேதியோடு பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தாலே கோப்பு நகரும்.

எய்டட் பள்ளியில் வழி வேறு. மேனேஜர் நியமிப்பார், கல்வி அலுவலகம் ஒப்புதல் தரும், சம்பளம் அரசு தரும். சம்பளம் அரசுப் பணம் என்பதால் அங்கேயும் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

படி 5: பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காருங்கள்

சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கும் அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும். எய்டட் பள்ளியிலும் குழு உண்டு, ஆனால் அங்கே 2012 திருத்தத்தின்படி ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2024-ல் குழுக்களை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். நம் பள்ளிகளும் பழைய மாணவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பேச வைக்கலாம், தடையொன்றும் இல்லை.

கேரளத்தில் பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ. வலுவானது. ஆண்டு விழா, நன்கொடை, சமையல், பள்ளி வாகனம் எல்லாம் அதில் பேசி முடித்துவிடுவார்கள். மேலாண்மைக் குழுக் கூட்டம் பல இடங்களில் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. அதிலும் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வரும் அம்மாக்கள் மினிட்ஸ் புத்தகம் மலையாளத்தில் இருப்பதால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. கூட்டத்தில் முதல் தீர்மானமாக இதைக் கொண்டு வாருங்கள்: மினிட்ஸைத் தமிழிலும் எழுத வேண்டும், கையெழுத்துக்கு முன் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும்.

அடுத்து பள்ளி வளர்ச்சித் திட்டம். பிரிவு 22-ன்படி அரசுப் பள்ளியில் அதைத் தயாரிப்பது இந்தக் குழுவின் வேலை. மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி அது மூன்று ஆண்டுத் திட்டம். வகுப்புவாரியாக வரப்போகும் பிள்ளைகள் எத்தனை, கூடுதலாக எத்தனை ஆசிரியர், எந்தப் பாடத்துக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வெறும் சுற்றுச்சுவரும் பெயின்ட்டும் எழுதிக் கொடுத்தால் அதுதான் கிடைக்கும். "தமிழ் மீடியம் யு.பி. கணக்கு: ஒரு நிரந்தர ஆசிரியர்" என்று எழுத்தில் ஏற்றுங்கள். பின்னால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு மனுவுக்கும் இதுவே ஆதாரம்.

ஆசிரியர் வருகையைக் கண்காணிப்பதும் குழுவின் வேலைதான். அப்படிப் பார்க்கும்போது வராத நாளை மட்டும் குறிக்காதீர்கள், ஏன் வரவில்லை என்றும் குறியுங்கள். விடுப்பா, பயிற்சியா, வாக்காளர் பட்டியலுக்கான பி.எல்.ஓ. வேலையா, அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்களா? ஒரு டெர்ம் குறித்தால் போதும், வகுப்பு நேரத்தைத் தின்பது யார் என்று தெளிவாகிவிடும்.

படி 6: பிள்ளை கற்கிறதா என்று நீங்களே பாருங்கள்

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு கழித்தல், ஒரு வகுத்தல் கணக்கு கொடுங்கள். அதே பத்தியில் என்ன நடந்தது என்று சொந்த வார்த்தையில் கேளுங்கள். தடுமாறினால் பிள்ளையைத் திட்ட வேண்டாம், தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டு கிளாஸ் பி.டி.ஏ.வில் டீச்சரிடம் அமைதியாகக் காட்டுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

எட்டாம் வகுப்பில் 2024-25 முதல் எழுத்துத் தேர்வில் பாடத்துக்கு 30 சதவீதம் குறைந்தபட்ச மதிப்பெண் என்று கேரளம் கொண்டுவந்திருக்கிறது. எடுக்காத பிள்ளைக்குத் தனி வகுப்பு நடத்தி மறுதேர்வு வைக்க வேண்டும். அந்தத் தனி வகுப்பு தமிழில் நடக்கிறதா என்று கேட்பது நம் வேலை. மலையாளத்தில் விளக்கினால் விழுந்த பிள்ளை மறுபடி விழும்.

ஆசிரியர்களுக்கான பயிற்சியிலும் இதே கதை. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. விடுமுறையிலும் இடையிலும் வட்டார வள மையமான பி.ஆர்.சி.யில் பயிற்சி நடக்கும். தமிழ் மீடியம் ஆசிரியருக்குத் தமிழில் பயிற்சியும் தமிழில் கையேடும் கிடைக்கிறதா என்று ஆசிரியரிடமே கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் கோரிக்கையை ஆசிரியரோடு சேர்ந்து எழுதுங்கள். பெற்றோரும் ஆசிரியரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் அதற்குக் கனம் அதிகம்.

படி 7: எழுத்தில் கேளுங்கள்

வாய்ச் சொல்லுக்கு அலுவலகத்தில் நினைவு கிடையாது. எல்.பி., யு.பி. பள்ளி என்றால் உதவிக் கல்வி அலுவலரின் ஏ.இ.ஓ. அலுவலகம், ஹைஸ்கூல் என்றால் மாவட்டக் கல்வி அலுவலரின் டி.இ.ஓ. அலுவலகம். முதலில் சாதாரண மனு. அதற்குப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய், கேரளத்தில் கோர்ட் ஃபீ ஸ்டாம்பாகவும் ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

இப்படி எழுதலாம்:

"பொதுத் தகவல் அலுவலருக்கு. எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழ் மீடியம் பிரிவு பற்றிக் கீழ்க்கண்ட தகவல்களைத் தரவும். ஒன்று, கடந்த மூன்று கல்வியாண்டுகளில் ஆறாம் வேலை நாளில் தமிழ் மீடியத்தில் இருந்த மாணவர் எண்ணிக்கை, வகுப்புவாரியாக. இரண்டு, தமிழ் மீடியத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள், அவற்றில் நிரப்பப்பட்டவை, தினக்கூலியில் நடப்பவை, காலியானவை. மூன்று, ஒவ்வொரு காலியிடமும் எந்தத் தேதியில் ஏற்பட்டது, எந்தத் தேதியில் பி.எஸ்.சி.க்குத் தெரிவிக்கப்பட்டது, அதற்கான கடித நகல். நான்கு, தமிழ் மீடியப் பணியிடத்தில் நியமிக்கத் தேவையான தகுதி பற்றிய அரசாணை நகல்."

ஆசிரியரின் மருத்துவ விடுப்பு, வீட்டு முகவரி, மதிப்பெண் பட்டியல் என்று சொந்த விவரங்களைக் கேட்காதீர்கள். அவை மறுக்கப்படும், தேவையில்லாத பகையும் வரும். தமிழில் எழுதும் மனுவோடு ஒரு பக்க மலையாளச் சுருக்கத்தையும் இணைத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. கட்டாயம் ரசீது வாங்குங்கள்.

படி 8: பஞ்சாயத்து, அதன்பின் ஆணையம்

கேரளத்தில் அரசு எல்.பி., யு.பி. பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்திடமும் ஹைஸ்கூல்கள் மாவட்டப் பஞ்சாயத்திடமும் ஒப்படைக்கப்பட்டவை. நிரந்தர ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இல்லை. ஆனால் வார்டு கிராம சபையில் தீர்மானம் போடலாம், அந்தத் தீர்மான நகல் உங்கள் கையில் பெரிய ஆயுதம். மெம்பரை முன்னமே பார்த்து விஷயத்தை அஜெண்டாவில் ஏற்றச் சொல்லுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் பிரிவு 32-ன்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பஞ்சாயத்துச் செயலருக்கு எழுதி, ஏ.இ.ஓ.வுக்கு நகல் அனுப்புங்கள். மூன்று மாதத்துக்குள் இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்ல வேண்டும். முடிவு சரியில்லை என்றால் திருவனந்தபுரத்தில் உள்ள மாநிலக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. கல்வி உரிமைச் சட்டம் நடக்கிறதா என்று கண்காணிக்கும் பொறுப்பு அதற்குத்தான். தாய்மொழிக் கல்வி மறுக்கப்படுகிறது என்ற கோணம் இருந்தால், அரசியல் சட்டத்தின் 350-பி பிரிவின்கீழ் செயல்படும் மொழிச் சிறுபான்மையினர் ஆணையருக்கும் நகல் அனுப்புங்கள்.

ஆள் வர இன்னும் மாதங்கள் ஆகும் என்று தெரிந்தால் இடைக்காலத்துக்குத் தினக்கூலி ஆசிரியர் நேர்காணலைச் சீக்கிரம் நடத்தச் சொல்லுங்கள். அறிவிப்பு ஊருக்குள் பரவ வேண்டும். நம் ஊர்களில் தமிழில் படித்து, பயிற்சியும் முடித்து, தையல் கடையிலோ மொபைல் கடையிலோ நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். நேர்காணல் நடந்தது அவர்களுக்குத் தெரிவதே முடிந்த பிறகுதான். அவர்களில் கே-டெட் எழுதாதவர்களை எழுத வையுங்கள், வினாத்தாள் தமிழிலும் கிடைக்கிறது. பி.எஸ்.சி. அறிவிப்பு வரும்போது கட்டணமில்லாமல் ஆன்லைனில் பதிவு செய்ய உதவுங்கள். நம் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லித் தரப்போகும் அடுத்த தலைமுறை ஆசிரியர்கள் இந்த ஊர்களிலிருந்துதான் வர வேண்டும்.

எல்லாக் கடிதங்களையும், ரசீதுகளையும், கிராம சபைத் தீர்மானத்தையும், வாசிப்புக் குறிப்புகளையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். உங்கள் பிள்ளை பள்ளி முடித்துப் போகும்போதோ குழு மாறும்போதோ அந்த ஃபைலை வீட்டுக்கு எடுத்துப் போய்விடாமல், அடுத்த குழுவின் தலைவரிடம் மினிட்ஸில் எழுதி ஒப்படையுங்கள். எந்த மனுவுக்கு என்றைக்குள் பதில் வர வேண்டும், மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது என்று முதல் பக்கத்திலேயே குறித்துக் கொடுங்கள்.